‘செட்’ என்னும் சிறு சொல்

கல்முனைக் கரையில் வாழ்வோர்க்கு ஞாயிறு கடலில் எழுந்து வயலில் மறைவது. கிழக்கே நீலக் கடல். மேற்கே பச்சை வயல். இக்காட்சியை நாள்தோறும் கண்டு வளர்ந்த மாணவன் ஒருவனிடம் ‘த சன் செட்’ என்னும் ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்துத் தமிழில் எழுதுமாறு பணித்தோம். அவன் சிறிது நேரம் தலையைச் சொறிந்தான். பின்னர், ‘சூரியன் வைத்தது’ என எழுதி நீட்டினான். வகுப்பு முழுவதும் சிரித்தது.

“எதனை வைத்தது, தம்பி?” என்று கேட்டோம்.

“அது புத்தகத்தில் இல்லை, சேர்” என்றான்.

அன்று நாமும் சேர்ந்து சிரித்தோம். ஆயினும் அச்சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. அதே சிறு சொல் ஒரு குடும்பத்தின் வயற்காணியையே அசைத்துவிட்டதைப் பின்னொரு நாள் காண நேர்ந்தது. அக்கதையைச் சொல்லுமுன், அச்சொல் யாது, அதன் பிறப்பு வளர்ப்பு எத்தகையன என்பதைச் சிறிது நோக்குவோம்.

பேரகராதியில் ஒரு பெருங்குடும்பம்

ஆங்கில மொழியின் சொற்களையெல்லாம் அவற்றின் வரலாற்றோடு திரட்டிய பெருநூல் ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதி. அதன் முதற்பகுதி 1884 இல் வெளிவந்தது. முழுநூலும் முற்றுப்பெற்றது 1928 இல். தலைமைப் பதிப்பாசிரியராக அமர்ந்து அப்பெரும்பணியை நடத்திய சேர் ஜேம்ஸ் மரே, நூல் நிறைவேறுவதைக் காணாமலே 1915 இல் மறைந்தார். ‘செட்’ என்னும் சொல் அடங்கிய பகுதி ஹென்றி பிராட்லி என்னும் அறிஞரின் பங்குக்கு வந்தது. இவர் பல்கலைக்கழகப் பட்டத்தோடு அப்பணிக்கு வந்தவரல்லர். செபீல்ட் நகரத்தில் கத்தி, கரண்டி செய்து விற்கும் நிறுவனமொன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவர். தாமாகவே பல மொழிகளைக் கற்று உயர்ந்தவர். நம் மாணவர்கள் நினைவில் வைக்கத்தக்க வாழ்க்கை அது.

அவ்வகராதியின் இரண்டாம் பதிப்பு 1989 இல் 20 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் மிக நீண்ட இடத்தைப் பிடித்த சொல் ‘செட்’ என்பதே. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 430 இற்கு மேற்பட்ட பொருள்கள் வகுக்கப்பட்டிருந்தன. அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் வேண்டியிருந்தன. ஒரு சொல்லின் பொருளைச் சொல்ல ஒரு நாவலின் அளவு எழுத்து வேண்டியிருந்தது என்றால் அதன் பரப்பை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அரியணைகள் எவையும் நிலையானவை அல்ல. அகராதியைத் திருத்தி விரிக்கும் பணியில், ஓடுதலைக் குறிக்கும் ‘ரன்’ என்னும் சொல் ‘செட்’டை முந்திவிட்டதாக 2011 இல் செய்தி வெளியாயிற்று. அதன் வினைப்பொருள்கள் மட்டும் 645. அவ்வொரு சொல்லை ஆராய்ந்து முடிக்க ஓர் அறிஞருக்கு ஏறத்தாழ 9 மாதங்கள் பிடித்தன. மனிதனும் குதிரையும் ஓடிய காலம் போய், இரயில் ஓடவும், ஆலை ஓடவும், கணினியில் நிரல் ஓடவும் தொடங்கியபின் அச்சொல்லுக்கு வேலை பெருகியது வியப்பன்று. நம் கடற்கரை மணலில் மட்டை பிடிக்கும் சிறுவர்களும் மாலைதோறும் அச்சொல்லைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இரு தாய் வயிற்றுப் பிள்ளை

இத்துணைப் பொருள்கள் ஒரு சொல்லுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன? இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, ‘செட்’ என்பது உண்மையில் ஒரு சொல்லன்று. இரு சொற்கள் கலந்து ஒன்றாயின. வினையாக வரும் ‘செட்’ பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது. அது, உட்காருதலைக் குறிக்கும் ‘சிட்’ என்னும் சொல்லின் பிறவினை வடிவம். தமிழ் மாணவர்க்கு இதனை விளக்குவது மிக எளிது. ‘நட’ என்பதிலிருந்து ‘நடத்து’ வருகிறது. ‘செல்’ என்பதிலிருந்து ‘செலுத்து’ வருகிறது. அவ்வாறே ‘இரு’ என்பதிலிருந்து ‘இருத்து’ வருகிறது. ‘சிட்’ என்றால் இரு. ‘செட்’ என்றால் இருத்து. இவ்வளவுதான் அதன் மூலப்பொருள்.

கூட்டம், தொகுதி என்னும் பொருளில் வரும் ‘செட்’ வேறு வழியாக வந்தது. அது இலத்தீன் மொழியில், ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தைக் குறித்த சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து, ஏற்கெனவே இருந்த ‘செட்’டுடன் ஒலியால் ஒன்றிப் பொருளாலும் கலந்துவிட்டது. ஒரே பெயருடைய இருவர் ஒரே வீட்டில் குடியிருந்தால் தபாற்காரருக்கு ஏற்படும் மயக்கமே இங்கும் ஏற்பட்டது.

இரண்டாவது காரணம், இருத்துதல் என்னும் செயல் எங்கும் நிகழ்வதாகும். கல்லை மோதிரத்தில் இருத்தினால் அது பதித்தல். அச்செழுத்தை வரிசையில் இருத்தினால் அது கோத்தல். வலையை நீரில் இருத்தினால் அது விரித்தல். முறிந்த எலும்பை அதனிடத்தில் இருத்தினால் அது பொருத்துதல். வினாக்களைத் தாளில் இருத்தினால் அது வினாத்தாள் ஆக்குதல். உறையூற்றிய பால் அசையாது இருந்துவிட்டால் அது உறைதல். சீமெந்துக் கலவை அசையாது இருந்துவிட்டால் அது இறுகுதல். ஞாயிறு அடிவானில் சென்று அமர்ந்துவிட்டால் அது மறைதல். இவையனைத்துக்கும் ஆங்கிலேயன் ‘செட்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறான். நாமோ ஒவ்வொன்றுக்கும் வேறு சொல் வைத்திருக்கிறோம்.

இச்சொல்லுக்கு உறவினரும் உளர். ஆசனத்தைக் குறிக்கும் ‘சீட்’, குதிரைச் சேணத்தைக் குறிக்கும் ‘செடில்’, குடியமர்தலைக் குறிக்கும் ‘செட்டில்’ ஆகியனவெல்லாம் இருத்தல் என்னும் அதே வேரிலிருந்து கிளைத்தவையே. இவற்றுள் இறுதிச் சொல்லை அம்பாறை மாவட்டத்தார் மறக்க இயலாது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்போது குடியேற்றம் என்னும் பொருளில் அது இங்கு வந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்து இக்கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனபின், மீள்குடியேற்றம் என்னும் பொருளில் மீண்டும் வந்தது. வீடிழந்தோர்க்கு அது வெறும் அகராதிச் சொல் அன்று; இருக்க ஓர் இடம்.

நம்மூர் வழக்கில்

ஆங்கிலம் அறியாதவர் வாயிலும் ‘செட்’ நன்கு வழங்குகிறது. வீட்டில் தேநீர்ச் செட். மணப்பெண்ணுக்கு நகைச் செட். பாட்டனாருக்குப் பல் செட். திருமண வீட்டில் ஒலிபெருக்கிச் செட். ஒருகாலத்தில் வானொலிப் பெட்டியும் ‘ரேடியோ செட்’ என்றே வழங்கிற்று. ஒன்றாகப் படித்தவர்கள் ‘நாங்கள் ஒரு செட்’ என்று பெருமையுடன் கூறிக்கொள்வர். மேசன், ‘கொங்கிறீற்று செட் ஆகட்டும், அதுவரை பலகையைக் கழற்ற வேண்டாம்’ என்கிறார். பொருந்தாத சம்பந்தத்தை இளைஞர்கள் ‘செட் ஆகாது’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள்.

கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனைக்கும் இச்சொல்லோடு ஓர் உறவு உண்டு. ஆங்கில நெசவு நூல்களில் ‘செட்’ என்பது ஓர் அங்குல அகலத்தில் நெருங்கி நிற்கும் பாவு நூல்களின் எண்ணிக்கையாகும். எண்ணிக்கை கூடினால் துணி இறுகும், குறைந்தால் நெகிழும். நூற்றுக்கணக்கான பொருள்களுள் இதுவும் ஒன்று. ஆங்கிலப் பேராசிரியரிற் பலருக்கு இப்பொருள் தெரியாதிருக்கலாம். ஆங்கில நாட்டு நெசவாளிக்கோ இதுவே முதற்பொருள். ஆகவே, ஒரு சொல்லின் பொருளை அறிந்தவர் யார் என்ற வினாவுக்கு, அத்தொழிலைச் செய்பவரே என்பதே பெரும்பாலும் சரியான விடையாகும்.

நம்மிடமும் உண்டு

‘இஃதென்ன மொழி! ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா?’ என்று மாணவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. அவர்களிடம் நாம் ‘படு’ என்னும் தமிழ்ச் சொல்லைக் காட்டுவோம்.

குழந்தை பாயில் படுக்கிறது. வெயில் முற்றத்தில் படுகிறது. மனம் துன்பப்படுகிறது. கடிதம் எழுதப்படுகிறது. மரம் பட்டுப்போகிறது. தோல்வி படுதோல்வி ஆகிறது. கல் காலிற் படுகிறது. பழந்தமிழில் ஞாயிறு ‘பட்டது’ என்றால் மறைந்தது என்பது பொருள். ஆங்கிலத்துச் ‘செட்’ எங்கு நிற்கிறதோ அங்கேயே நம் ‘படு’வும் நின்றிருக்கிறது!

கரைவலை இழுப்போரிடம் சென்று கேளுங்கள். இன்று மீன்பாடு எப்படி என்றுதான் பேச்சுத் தொடங்கும். வலையில் மீன் படுவதால் அது பாடு. அவர்கள் படும் பாடும் பாடுதான். வழிபாடு, உடன்பாடு, முரண்பாடு, ஏற்பாடு, கட்டுப்பாடு, குறைபாடு, மேம்பாடு என்று அந்த ஒரு வேரிலிருந்து எழுந்த கிளைகளை எண்ணத் தொடங்கினால் ஒரு மணி நேரப் பாடம் முடிந்துவிடும். தமிழ் கற்க வந்த ஆங்கிலேயர் ஒருவர், ‘பயப்படுகிறான்’ என்பதை ‘பயத்தின்மேல் உறங்குகிறான்’ என்று மொழிபெயர்த்தால் நமக்குச் சிரிப்பு வராதா? ‘சூரியன் வைத்தது’ என்ற நம் மாணவன் செய்ததும் அதுவே.

தொடையா, கணமா?

பல பொருள் ஒரு சொல்லைக் கலைச்சொல்லாக மொழிபெயர்க்கும்போது இடர் இன்னும் பெரிதாகிறது. கணிதத்தில் ‘செட்’ என்பதற்குத் தனிப்பொருள் உண்டு. வரையறுத்துச் சொல்லக்கூடிய பொருள்களின் தொகுதி அது. ஜேர்மனிய அறிஞர் கியோர்க் கன்டர் 1870 களில் இதனை ஒரு தனித்துறையாக வளர்த்தார். இதற்கு இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்று பெயரிட்டன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கணம்’ என்று பெயரிட்டன. இரண்டும் நல்ல சொற்களே. பூவைத் தொடுத்தால் தொடை. ஒன்றுசேர்ந்த கூட்டம் கணம். ஆனால் தமிழிலும் அவை தனிப்பொருட் சொற்கள் அல்ல. தொடை என்றால் செய்யுளில் எதுகை மோனை. உடலில் ஓர் உறுப்பு. கணம் என்றால் நொடிப்பொழுதும் ஆகும். ‘சூனியத் தொடை’ என்று கரும்பலகையில் எழுதும்போது முன்வாங்கிலிருந்து வரும் மெல்லிய சிரிப்பொலியைக் கணித ஆசிரியர் அனைவரும் அறிவர்.

இதைவிடப் பெரிய மயக்கம் ஒன்றும் உண்டு. இலங்கை மாணவன் பௌதிகத்தில் ‘நிறை’ என்று எழுதினால் புவி ஒரு பொருளை இழுக்கும் விசையைக் குறிக்கிறான். பொருளின் அளவை அவன் ‘திணிவு’ என்பான். தமிழ்நாட்டு மாணவனோ அந்தத் திணிவைத்தான் ‘நிறை’ என்கிறான். விசையை அவன் ‘எடை’ என்பான். இருவரும் ஒரே மொழியிற் படிக்கிறார்கள். இருவரும் சரியாகவே எழுதுகிறார்கள். ஆயினும் ஒருவர் நூலை மற்றவர் எச்சரிக்கையின்றி எடுத்துப் படித்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

இத்துறையில் நம் கரையோரத்துக்குத் தனிப் பெருமை உண்டு. கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதைக் கடந்தவுடன் வரும் காரைதீவிலே 1892 இல் பிறந்தவர் விபுலானந்த அடிகள். அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்றவர். 1936 இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்களின் அகராதி 1938 இல் வெளிவந்தது. பின்னர் 1950 களின் பிற்பகுதி தொட்டு அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆங்கிலச் சொல்லொன்றை எடுத்து, ‘இத்துறையில் இதன் பொருள் இது’ என்று வரம்பு கட்டிய பெரும்பணி அது. வேதியியலில் ஒரு சொல், பொறியியலில் வேறு சொல், சட்டத்தில் பிறிதொரு சொல் என்று அவர்கள் பிரித்து வைத்ததன் அருமை, வரம்பு இல்லாத இடத்தில் விழுந்தவர்க்கே நன்கு விளங்கும். நாம் சொல்லவந்த கதையும் அத்தகையதே.

ஒதுக்கி வைத்த தீர்ப்பு

பக்கத்து ஊரில் முஸ்லிம் பெரியவர் ஒருவர். மேற்கு வட்டையில் இரண்டு ஏக்கர் வயல் அவருக்கு இருந்தது. அதன் எல்லையும் உரிமையும் பற்றி உறவினர் சிலருடன் வழக்கு. கீழ்மன்றத்தில் தீர்ப்பு அவர் பக்கம் ஆயிற்று. எதிர்த்தரப்பார் மேன்முறையீடு செய்தனர். ஆண்டுகள் சில சென்றபின், அவருடைய சட்டத்தரணியின் அலுவலகத்திலிருந்து கடிதமொன்று வந்தது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும் மேன்மன்றங்களின் அலுவல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. அக்கடிதமும் ஆங்கிலத்திலேயே இருந்தது.

நான்கே வரிகள். கீழ்மன்றத்தின் தீர்ப்பு ‘செட் அசைட்’ செய்யப்பட்டுள்ளது. மேலே செய்ய விரும்புவதை அறியத் தருக. இவ்வளவே அதன் சாரம்.

பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது. பேரன் நம்மிடம் படித்தவன்; ஆங்கிலத்தில் நல்ல புள்ளி பெற்றவன். கடிதத்தை இருமுறை வாசித்தான். பின்னர், “தீர்ப்ப ஒதுக்கி வெச்சிரிக்காங்க மூத்தாப்பா. நமக்கெண்டு ஒதுக்கினதுதான், பயமில்ல” என்றான்.

மகளின் திருமணத்துக்கெனப் பணம் ஒதுக்கி வைப்பதுபோல, தம் தீர்ப்பும் பத்திரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பதாகப் பெரியவர் எண்ணிக்கொண்டார். பத்திரமாக இருப்பதற்கு மேலே செய்ய என்ன உண்டு? கடிதம் அலுமாரிக்குள் சென்றது. மழை தொடங்கியதும் பெரும்போகத்துக்கு விதைத்தார்.

சட்டத்தில் ‘செட் அசைட்’ என்றால் ஒரு தீர்ப்பை நீக்கி வறிதாக்குதல். காத்து வைத்தல் அன்று, கலைத்து விடுதல். பெரியவர் தோற்றிருந்தார். அதனை அறியாமலே நாற்று வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பார் கட்டளையுடன் வயலுக்கு வந்த அன்றுதான் உண்மை வெளியாயிற்று. சட்டத்தரணியிடம் ஓடினார்கள். அதற்கு மேலுள்ள மன்றத்தை நாடுவதற்கு விதிக்கப்பட்டிருந்த காலம் கடந்துவிட்டது என்று அவர் கூறினார். மேலே சென்றிருந்தால் வென்றிருப்பாரோ, தோற்றிருப்பாரோ, யாம் அறியோம். ஆனால் கேட்டுப்பார்க்கும் வாய்ப்பு அவருக்கு ஒரு சொல்லால் இல்லாமற் போயிற்று.

செய்தி அறிந்து நாம் அவர் வீட்டுக்குச் சென்றோம். பேரன் தன் பழைய கொப்பியை எடுத்து வந்து காட்டினான். அதிலே, கரும்பலகையில் நாம் எழுதியதைப் பார்த்து அவன் அழகாக எழுதியிருந்த வரி: ‘செட் அசைட் – ஒதுக்கி வை’. அதன்கீழே, பணத்தை ஒதுக்கி வைப்பது பற்றி நாம் கொடுத்த ஒரே ஓர் எடுத்துக்காட்டு. அவ்வளவுதான். மற்றப் பொருளை நாம் சொல்லவேயில்லை. அன்று மணியடித்துவிட்டதோ, பரீட்சைக்கு வேண்டியதில்லை என்று விட்டுவிட்டோமோ, நினைவில்லை.

நாம் பேரனை நோக்கியதைக் கண்ட பெரியவர், “பொடியன ஏசிராதீங்க சேர். படிச்சதத்தானே அவன் சொன்னான்” என்றார்.

அவர் நம்மைக் குறைகூறவில்லை. பேரனைக் காப்பாற்றவே அவ்வாறு சொன்னார். ஆயினும் அச்சொல் எங்கு வந்து தைத்தது என்பதை ஆசிரியராக உள்ளோர் அறிவர்.

விதைத்த பயிரை அவரே அறுத்துக்கொள்ள எதிர்த்தரப்பார் இசைந்தனர், அவர்களும் உறவினர்தாமே. அறுவடைக்குப்பின் காணி கைமாறிற்று.

தொல்காப்பியர் காட்டும் வழி

அதன்பின் நாம் பாடம் சொல்லும் முறையை மாற்றிக்கொண்டோம். வழிகாட்டியைத் தேடி வெளிநாடு செல்லவேண்டியிருக்கவில்லை. தொல்காப்பியத்துச் சொல்லதிகாரமே போதுமாயிற்று. பலபொருள் ஒருசொல் என்று இத்தகைய சொற்களுக்குப் பெயரிட்ட தொல்காப்பியர், அவற்றின் பொருளைத் தெளியும் வழியையும் கூறியிருக்கிறார். சேர்ந்து வரும் வினை, கூட நிற்கும் இனம், பேச்சு நிகழும் சார்பு ஆகிய மூன்றாலும் பொருள் விளங்கும் என்பது அவர் கருத்து. ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. சொல் ஒன்றே, அதன் துணையே பொருளைக் காட்டிக்கொடுக்கிறது.

இவ்விதியை ஆங்கிலத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ‘செட்’டின் பக்கத்தில் ஞாயிறு நின்றால் மறைதல். பாலோ சீமெந்தோ நின்றால் இறுகுதல். பொறி நின்றால் வைத்தல். மழை நின்றால் தொடங்குதல். ‘செட் அசைட்’ என்பதன் பக்கத்தில் பணம் நின்றால் ஒதுக்கிக் காத்தல். தீர்ப்பு நின்றால் நீக்கி அழித்தல். அக்கடிதத்தில் மன்றமும் தீர்ப்பும் கூடவே நின்றன. இனத்தைப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் பேரனுக்கு ஐயமேனும் எழுந்திருக்கும். ஐயம் எழுந்திருந்தால் அவன் யாரிடமாவது கேட்டிருப்பான். அதுவே போதுமாயிருந்தது.

‘ஒதுக்கி வை’ என்னும் தமிழ்த் தொடரும் இருபொருள் உடையதே என்பதைக் கவனித்தீர்களா? பணத்தை ஒதுக்கி வைத்தால் அது பேணுதல். ஒரு குடும்பத்தை ஊரார் ஒதுக்கி வைத்தால் அது விலக்குதல். பேரன் இரண்டாம் பொருளை எண்ணியிருந்தால் உண்மைக்கு மிக அருகில் வந்திருப்பான். பிழை ஆங்கிலத்தில் மட்டும் நிகழவில்லை. தன் தாய்மொழித் தொடரை ஒருபக்கமாக மட்டும் பார்த்ததிலும் நிகழ்ந்தது.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும்

ஒலுவிலில் அமைந்து 1996 இல் முழுப் பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் பிற பல்கலைக்கழகங்களுக்கும் இக்கரையோரப் பிள்ளைகள் ஆண்டுதோறும் செல்கிறார்கள். தமிழில் படித்துச் செல்லும் அவர்களுட் பலர், அங்கே ஆங்கில விரிவுரைகளை எதிர்கொள்கிறார்கள். அவர்களை வருத்துபவை நீண்ட கடுஞ்சொற்கள் அல்ல. நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான். அகராதியைப் புரட்டினால் கிடைத்துவிடும். வருத்துபவை செட், ரன், புட், டேக், கெட் என்னும் சிறு சொற்களே. ‘எனக்குத் தெரியும்’ என்று எண்ணி அகராதியைத் திறவாமல் விடுவது இவற்றைத்தான்.

ஆகவே மாணவர்களுக்கு நாம் கூறுவது இது. சொல்லைத் தனியே எழுதி எதிரே ஒரு பொருளை எழுதி மனனம் செய்யாதீர்கள். சொல்லை அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதுங்கள். ஒரே சொல் வேறு வாக்கியத்தில் வேறு பொருளில் வந்தால், அதனையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஆண்டிறுதியில் ‘செட்’டுக்கு மட்டும் ஒரு பக்கம் நிறைந்திருப்பதைக் காண்பீர்கள். அகராதியைத் திறந்தால் முதற்பொருளோடு மூடிவிடாதீர்கள். கடைசிப் பொருள்வரை விரலை ஓட்டுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். நீதிமன்றம், வைத்தியசாலை, வங்கி, காணி அலுவலகம் ஆகியவற்றிலிருந்து ஆங்கிலக் கடிதம் வந்தால், வீட்டில் படிக்கும் பிள்ளை வாசித்துச் சொல்வது நல்லதே. பிள்ளைக்கும் அது பயிற்சி. ஆனால் அதனோடு நின்றுவிடாதீர்கள். அத்தொழில் அறிந்த ஒருவரிடம் அன்றே கொண்டுசென்று காட்டுங்கள். பிள்ளையின் மீது நம்பிக்கை இல்லாமையால் அன்று. எந்தப் பிள்ளைக்கும் தாங்கமுடியாத பாரத்தை அதன் தலையில் வைத்துவிடக்கூடாது என்பதற்காகவே.

அந்தப் பேரன் இப்போது சட்டம் படிக்க விரும்புகிறான். பெரியவர் வழக்கம்போல் மாலையில் கடற்கரைக்கு வந்து அமர்கிறார். சில நாட்களில் நாமும் அவருடன் அமர்வதுண்டு. காணியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. முதுகுப்புறத்தே, வயல்களுக்கு அப்பால் ஞாயிறு மறைந்துகொண்டிருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று இன்று நம் வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் உடனே விடை சொல்வதில்லை. “முழு வாக்கியத்தையும் சொல்லுங்கள், சேர்” என்கிறார்கள்.